‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே!’: பரம்பரை நோய்கள் வரும் வழிகள்

குழந்தைக்கு வந்திருப்பது மரபணு நோய் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே, இது எப்படி வந்தது?” நியாயமான கேள்வி. ஆனால் பல வீடுகளில் அது சீக்கிரமே “யார் பக்கத்திலிருந்து வந்தது?” என்று மாறிவிடுகிறது. பிறகு பழி வந்து விழுவது பெரும்பாலும் தாயின் தலையில். முதல் கேள்விக்கு அறிவியலிடம் தெளிவான பதில்கள் உண்டு, அதுவும் பல. குடும்பத்தில் அறிகுறியே இல்லாமல் ஒரு மரபணு நோய் வந்து நிற்பதற்குக் குறைந்தது ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஒருவர் செய்த தவறால் ஏற்படுவதில்லை. இதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது மருந்தைப் போலவே முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் அடிப்படை. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இந்த 46 என்ற எண்ணைச் சரியாக எண்ணி முடிக்கவே 1956 வரை ஆயிற்று. அதற்குமுன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 48 என்றே அறிவியல் உலகம் நம்பியிருந்தது. ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் குரோமோசோம்களை நன்றாகப் பிரித்துப் பரப்பிப் பார்த்த பிறகுதான் கணக்கு திருந்தியது.

ஒவ்வொரு குரோமோசோமும் மிக நீண்ட ஒரு டி.என்.ஏ. இழை, புரதங்களின்மேல் சுற்றிச் சுருண்டு கிடப்பது. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்கள் அதில் எழுத்துகளாக வரிசைகட்டி நிற்கின்றன. தாயிடமிருந்து வரும் 23 குரோமோசோம்களில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள். தந்தையிடமிருந்தும் ஏறத்தாழ அதே அளவு. இந்த நீண்ட வரிசையில், ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். அப்படிப்பட்ட மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 20,000. செல் இந்தக் குறிப்பை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் புரதச் சங்கிலியின் கண்ணியான ஓர் அமினோ அமிலம் சேர, புரதம் உருவாகிறது.

இதில் ஓர் எழுத்து மாறிப்போனால்? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நாம் எல்லோருமே இலட்சக்கணக்கான எழுத்துகளில் ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபட்டவர்கள்தான். ஆனால் சில இடங்களில் ஒற்றை எழுத்து ஓர் ஆயுளையே புரட்டிப்போட்டுவிடும். 11-ஆவது குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு இதற்கு நல்ல சான்று. ரத்தத்தின் சிவப்புக்கும் ஆக்சிஜன் சுமப்பதற்கும் காரணமான ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்வது இதன் வேலை. ஆறாவது அமினோ அமிலத்துக்கான மூன்று எழுத்துகளில் நடுவில் அடினின் இருக்க வேண்டும். அங்கே தைமின் இருந்துவிட்டால் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் சேர்ந்துவிடுகிறது. மொத்தம் 146 அமினோ அமிலங்கள், மாறியது ஒன்று. ஆனால் குளூட்டாமிக் அமிலம் நீரோடு சேரும், வேலின் நீரிலிருந்து விலகும். அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாளாக வளைந்து விறைத்துவிடுகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கிறது, சீக்கிரமே உடைந்தும் போகிறது. தாங்க முடியாத வலி, ரத்தசோகை, மண்ணீரல் செயலிழப்பு, சிறுவயதிலேயே பக்கவாதம் என்று எல்லாமே அந்த ஓர் எழுத்திலிருந்து வருகின்றன. இதுதான் அரிவாள் செல் ரத்தசோகை. 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு இதை மூலக்கூறு நோய் என்று காட்டியது. சில ஆண்டுகளில் வெர்னன் இங்ரம் அந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தார்.

இந்த எழுத்துப் பிழை இரண்டு 11-ஆவது குரோமோசோம்களிலும் இருந்தால்தான் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் மற்றது நல்ல ஹீமோகுளோபினைச் செய்துகொண்டே இருக்கும். அவருடைய சிவப்பணுக்களில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் கலந்திருக்கும். சாதாரண வாழ்க்கையில் அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. சொல்லப்போனால் ஒரு நன்மைகூட உண்டு: குழந்தைப் பருவத்தில் கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குக் கணிசமான பாதுகாப்புக் கிடைக்கிறது. 1954-இல் அந்தோனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து வெளியிட்ட உண்மை இது. உயிரைக் குடிக்கும் ஒரு மரபணு ஏன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது என்ற புதிருக்கு அதுவே விடையாக அமைந்தது. மலேரியா தலைவிரித்தாடிய நிலப்பகுதிகளில், ஒரு பிரதியை மட்டும் சுமந்தவர்கள் அதிகமாகப் பிழைத்தார்கள். மரபணுவும் அவர்களோடு பிழைத்தது. ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத தலசீமியா என்ற ரத்த நோய் பரவியிருப்பதற்கும் இதே காரணம்தான். ஆகவே இந்த மரபணுவைச் சுமப்பது களங்கம் என்று யாராவது சொன்னால், அதைச் சுமப்பவரின் முன்னோர் பிழைத்து வந்த கதையையே தெரியாமல் பேசுகிறார் என்றுதான் சொல்வேன்.

இப்படி ஒரு பிரதியை மட்டும் சுமந்து, தாம் நலமாக இருப்பவரை மருத்துவர்கள் ‘கேரியர்’ என்பார்கள். குடும்பத்தின் முதல் கேள்விக்கு முதல் பதில் இவர்தான்.

மௌனமாக வரும் பிரதி

கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் இதைத்தான் கண்டார். 1865-இல் ஓர் அறிவியல் கூட்டத்தில் அவர் வாசித்தளித்த கட்டுரையில், ஒரு தலைமுறையில் காணாமல் போகும் பண்பு அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்குச் செடிகளில் திரும்பி வருவதை எண்ணிக் காட்டினார். மறைந்திருந்து வருவதை ஒடுங்கு பண்பு என்றும், ஒற்றைப் பிரதி இருந்தாலே வெளிப்படுவதை ஓங்கு பண்பு என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. 1900 வரை யாரும் அந்தக் கட்டுரையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்ட இரண்டே ஆண்டுகளில், லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற மருத்துவர் அதை மனிதருக்குப் பொருத்திப் பார்த்தார். பிறந்தது முதலே சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற அரிய நிலையை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் நலமாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பெற்றோர் ஒருவருக்கொருவர் நெருங்கிய ரத்த உறவினராக இருப்பது வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தது. இது மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்புக்குப் பொருந்துகிறது என்று மரபியலாளர் வில்லியம் பேட்சன் சுட்டிக்காட்டினார். 1902-இல் வெளியான கேரட்டின் கட்டுரை, மனித நோய் ஒன்றை மெண்டலின் விதியோடு இணைத்த முதல் கட்டுரையாகக் கருதப்படுகிறது. ஒரு நொதி வேலை செய்யாததால் ஒரு வேதிப்பொருள் உடைபடாமல் தேங்குகிறது என்ற விளக்கத்தையும் அவரே வளர்த்தெடுத்தார். பெரும்பாலான ஒடுங்கு நோய்களுக்கு இந்த விளக்கம் இன்றும் பொருந்துகிறது. நொதியின் அளவு பாதியானாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். முற்றிலும் இல்லாதபோதுதான் நோய்.

கணக்கு எளியது. தாயும் தந்தையும் ஒரே மரபணுவின் கேரியர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. கேரியராகப் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. பழுதான பிரதியே இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஆனால் இந்த எளிய கணக்கைத்தான் குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கின்றன. “நான்கில் ஒன்று என்றார்கள், முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது” என்று நிம்மதி கொள்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை. நாணயத்தைச் சுண்டும்போது போனமுறை என்ன விழுந்தது என்பது நாணயத்துக்குத் தெரியாது, கருவுறுதலும் அப்படித்தான். ஐந்தாவது குழந்தைக்கும் அதே 25 விழுக்காடுதான்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. இருவருமே கேரியர்களாக உள்ள பெற்றோருக்கு இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் மூன்றை நான்கில் மூன்றால் பெருக்கினால் வருவது: பதினாறில் ஒன்பது, அதாவது 56 விழுக்காடு. சிறிய குடும்பங்கள் பெருகிய உலகில், கேரியர்களான தம்பதியரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தாங்கள் என்ன சுமக்கிறோம் என்பது தெரியவே வாய்ப்பில்லை. அவர்களுடைய பெற்றோருக்கும் தெரிந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக ஒரு மரபணு ஓசையின்றி நகர்ந்து வரலாம். “வம்சத்தில் யாருக்கும் இல்லை” என்பது வம்சத்தில் யாருக்கும் நோய் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. மரபணு இருந்ததா என்பதைச் சொல்வதில்லை.

எத்தனை பேர் இப்படிச் சுமக்கிறார்கள்? 1908-இல் கணித அறிஞர் ஹார்டியும் மருத்துவர் வைன்பர்கும் தனித்தனியே கண்டடைந்த சமன்பாடு இதற்கு உதவுகிறது. ஒரு ஒடுங்கு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறதென்றால், அந்த மக்களில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர் கேரியர். அதாவது ஒரு நோயாளிக்குச் சுமார் 200 கேரியர்கள். இது ஒரே ஒரு நோய்க்கான கணக்கு. இத்தகைய நோய்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், ஏதோ சில ஒடுங்கு நோய்களின் ஒற்றைப் பிரதி ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இதைப் படிப்பவரிடமும், எழுதும் என்னிடமும். நம் துணைவர் சுமப்பது வேறு மரபணுவாக இருப்பதால்தான் பெரும்பாலும் எதுவும் வெளிப்படுவதில்லை.

ரத்த உறவில் திருமணம் பற்றிய அறிவியல் எச்சரிக்கைக்கு அடிப்படையும் இதுவே. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கை ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து பெற்றவர்கள். ஒரே பழுதான பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பிறவிக் கோளாறுகளின் பொதுவான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், அத்தகைய தம்பதியரின் குழந்தைகளுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரு மடங்கு என்பது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. அதே சமயம் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மணமான தம்பதியரைப் பயமுறுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பரிசோதனையும் ஆலோசனையும்.

மகன்களிடம் வெளிப்படுவது

23-ஆவது இணை மற்றவற்றைப் போன்றதல்ல. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ஆணின் எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாகிவிட்டால் ஈடுசெய்ய இரண்டாவது பிரதி கிடையாது. அதனால் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, டுஷேன் தசைச்சிதைவு, சிவப்பு–பச்சை நிறக்குருடு போன்றவை பெரும்பாலும் ஆண்களிடம் காணப்படுகின்றன. தாய் கேரியராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதி. ஒவ்வொரு மகளும் கேரியராகும் வாய்ப்பு பாதி. ஹீமோபிலியா உள்ள தந்தையின் மகன்களுக்கு அவரிடமிருந்து அது வராது, ஏனெனில் மகனுக்கு அவர் தருவது ஒய். மகள்கள் அனைவரும் கேரியர்கள். மூன்று தலைமுறை தொடர்ந்து பெண் பிள்ளைகளாகவே பிறந்த குடும்பத்தில் இந்த மரபணு சுவடே இல்லாமல் பயணித்து, நான்காவது தலைமுறையில் ஒரு பேரனிடம் வெளிப்படலாம்.

பெண் கேரியருக்கு எதுவுமே நேராது என்று சொல்வதும் சரியில்லை. 1961-இல் மேரி லயன் முன்வைத்தபடி, பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவின் தொடக்க நாட்களிலேயே ஓய்ந்துவிடுகிறது. எது ஓயும் என்பது செல்லுக்குச் செல் தற்செயலாக அமைகிறது. நல்ல எக்ஸ் அதிகமாக ஓய்ந்துவிட்ட பெண்ணுக்கு ரத்தம் உறைவதில் தாமதமோ தசைத் தளர்ச்சியோ தெரியலாம். “நீ வெறும் கேரியர்தான்” என்று சொல்லி இத்தகைய பெண்களின் அதிக ரத்தப்போக்கை நீண்டகாலம் யாரும் பொருட்படுத்தாமல் விட்டது பெரிய அநீதி.

ஹீமோபிலியா என்றால் விக்டோரியா ராணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய மகன் லியோபோல்டுக்கு நோய். ஆலிஸ், பீட்ரிஸ் என்ற இரு மகள்கள் கேரியர்கள். அவர்கள் வழியாக நோய் ரஷ்ய, ஸ்பானிய அரச குடும்பங்களுக்குப் போனது. இந்நோய் இருந்த ரஷ்ய இளவரசர் அலெக்ஸியின் குடும்பத்தாருடைய எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்து, அது ஒன்பதாம் உறைகாரணியைப் பாதிக்கும் ஹீமோபிலியா பி என்று 2009-இல் உறுதி செய்தார்கள். ஆனால் விக்டோரியாவுக்கு முன்? அவருடைய முன்னோரில் இந்த நோய்க்கான தெளிவான தடயம் இல்லை. விக்டோரியா பிறந்தபோது அவருடைய தந்தைக்கு வயது 51. அந்த வயதில் உருவான விந்தணு ஒன்றில் புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழையே தொடக்கம் என்று கருதுவோர் பலர்.

வம்சத்தில் இல்லாமலே வருவது

அப்படிப் புதிதாக நேரும் பிழைகளைச் சடுதிமாற்றம் என்கிறோம். இவை அபூர்வம் என்று நினைப்பது தவறு. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தையிடமும் ஏறத்தாழ 60 முதல் 70 வரை இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு தந்தையிடமிருந்து வருவது. விந்தணுவைத் தரும் செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் 300 கோடி எழுத்துகளையும் படியெடுக்க வேண்டும். தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் குழந்தையிடம் ஒன்று அல்லது இரண்டு புதிய மாற்றங்கள் கூடுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்ற இடங்களில் விழுகின்றன. எப்போதாவது ஒன்று தவறான இடத்தில் விழுகிறது.

அகோண்ட்ரோபிளேசியா என்ற குட்டை உருவ நிலை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஓர் ஏற்பியின் மரபணுவில், ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே இடத்தில், ஒரே அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இது ஓங்கு பண்பு. ஒரு பிரதி மாறினாலே போதும். அப்படியிருந்தும் இந்நிலை உள்ளவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இயல்பான உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அவர்களிடம் வந்திருக்கும் மாற்றம் புதிது. அதுவும் ஏறக்குறைய எப்போதும் தந்தையின் விந்தணுவில் நேர்ந்தது. டுஷேன் தசைச்சிதைவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புதிய மாற்றமே. அந்த நோய்க்கான மரபணு இருபது இலட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள் கொண்டது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று என்பதால் பிழை நேரவும் இடம் அதிகம். எனவே மகனுக்கு டுஷேன் என்றவுடன் “நீ கேரியர், நீ சுமந்ததுதானே வந்தது” என்று தாயைப் பார்த்துச் சொல்வது, மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் பொய்.

எழுத்து மாறாமல் ஒரு முழுக் குரோமோசோமே கூடிவிடுவதும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. 1959-இல் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகிய மூவர் பெயரில் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. ஆய்வகத்தில் செல்களை வளர்த்துத் தந்தவர் கோத்தியே. அவருக்கு உரிய பெயர் பல பத்தாண்டுகள் கிடைக்காமலே போனதை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும். கருமுட்டை உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் பிரிந்து விலக வேண்டும்; சிலசமயம் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடுகின்றன. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகளில் இந்தப் பிரிவு தொடங்கி, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் காத்திருக்கிறது. காத்திருக்கும் காலம் கூடக் கூடக் குரோமோசோம்களைப் பிடித்து வைக்கும் புரதங்கள் தளர்கின்றன. அதனால்தான் தாயின் 35 வயதில் சுமார் 350 பிறப்புகளுக்கு ஒன்று என்ற வாய்ப்பு, 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்றாகிறது. இளம் தாய்மாருக்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் மட்டும் 21-ஆவது குரோமோசோமின் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அது பெற்றோரில் ஒருவரிடம் நோயில்லாமலே இருந்து வந்ததாக இருக்கலாம். அதனால் இந்தக் குழந்தைகளின் குரோமோசோம் அறிக்கையைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த கருவுக்கான வாய்ப்பு அதைப் பொறுத்தே மாறும்.

தாமதமாக வருவது

இன்னொரு வகை, பிறக்கும்போதே இருந்தும் பாதி ஆயுள்வரை காத்திருப்பது. ஹன்டிங்டன் நோயில் 4-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி–ஏ–ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 26 முறைக்குள் இருந்தால் இயல்பு. 40-ஐத் தொட்டால் இயல்பான ஆயுளுக்குள் நோய் வருவது ஏறக்குறைய உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். பெரும்பாலும் 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் தன்னிச்சையான அசைவுகளும் மனநிலை மாற்றங்களும் நினைவுக் குலைவும் தொடங்குகின்றன. அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. எண்ணிக்கை இடைநிலையில் உள்ள, நோயே வராத தந்தையின் விந்தணுவில் அது மேலும் நீண்டு, மகனுக்கோ மகளுக்கோ முதன்முறையாக நோய் வருவதும் உண்டு.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக் கரையில் இந்நோய் மிகுந்த குடும்பங்களிடம் நான்சி வெக்ஸ்லர் தலைமையில் பல ஆண்டுகள் சேகரித்த ரத்த மாதிரிகளும் வம்ச வரைபடங்களும்தான் இந்த மரபணுவைப் பிடிக்க உதவின. வெக்ஸ்லரின் தாய்க்கும் இதே நோய். 1983-இல் குரோமோசோம் தெரிந்தது. 1993-இல் மரபணுவே கிடைத்தது. அதன்பின் ஒரு ரத்தப் பரிசோதனையால் எதிர்காலத்தைச் சொல்ல முடிகிறது. ஆனால் ஆபத்தில் இருப்பவர்களில் சிறுபான்மையினரே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள். நோயை நிறுத்தும் வழி கையில் இல்லாதபோது, தெரியாமல் வாழ்வதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. அந்த முடிவை உறவினரோ துணைவரோ அவருக்காக எடுக்கக் கூடாது. இத்தகைய நோய்களுக்கு அறிகுறியற்ற சிறுவர்களைப் பரிசோதிப்பதில்லை என்ற மருத்துவ நெறியும் அதனால்தான்.

மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் நிலைமை நேர்மாறு. தெரிந்துகொண்டால் செய்ய நிறைய இருக்கிறது. அந்த மாற்றம் உள்ள பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. அடிக்கடி ஸ்கேன், தடுப்பு அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. பலரும் கவனிக்கத் தவறுவது இதன் தந்தை வழியை. தந்தை இந்த மரபணுவை மகளுக்குப் பாதி வாய்ப்பில் தருகிறார். பெரும்பாலும் தமக்கு நோய் வராமலே. அவருக்குச் சகோதரிகள் இல்லையென்றால் குடும்ப வரலாற்றில் அந்த நோயே இல்லாததுபோலத் தோன்றும். மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது அப்பாவின் உறவுகளையும் சொல்ல வேண்டும்.

தாய் வழியாக மட்டுமே வருபவை, செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்கள். எண்ணிக்கை சிறிது, நோய்கள் சிக்கலானவை. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றில் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களும் வாழ்க்கை முறையும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேலே சொன்ன பாதி, கால் கணக்குகளை அவற்றுக்குப் பொருத்தக் கூடாது.

தெரிந்தபின் செய்யக்கூடியது

மரபணு நோய் என்றால் விதி, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை உடைத்த நோய் பீனைல்கீட்டோனூரியா. 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளின் சிறுநீரில் வீசும் விநோதமான நாற்றத்துக்குக் காரணம் கேட்டு மருத்துவர்களிடம் அலைந்தார். ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் மட்டும் அதைக் காதில் வாங்கி ஆராய்ந்தார். பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி அந்தக் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை; அது தேங்கி மூளையைக் கெடுத்திருந்தது. 1950-களில் ஹார்ஸ்ட் பிக்கல் குழு பீனைல்அலனின் குறைந்த உணவால் பலன் கண்டது. 1960-களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி ரத்தத்தைத் தாளில் ஒற்றிச் சோதிக்கும் முறையை ராபர்ட் கத்ரி உருவாக்கினார். முதல் சில வாரங்களுக்குள் உணவை மாற்றிவிட்டால் அதே மரபணுவோடு குழந்தை இயல்பான அறிவு வளர்ச்சியோடு வளர்கிறது. மரபணு மாறவில்லை, விளைவு மாறிவிட்டது. பிறந்தவுடன் செய்யும் குதிகால் ரத்தப் பரிசோதனை எங்கே கிடைத்தாலும் அதைத் தவற விடக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு நோயே போதும்.

ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ஒடுங்கு நோய் உறுதியான குடும்பத்தில் அடுத்துச் செய்ய வேண்டியது, குழந்தையிடம் உள்ள சரியான எழுத்து மாற்றத்தை அறிக்கையாக வாங்குவது. அது கையில் இருந்தால் பெற்றோரையும் சோதிக்கலாம், அடுத்த கருவையும் சோதிக்கலாம். நலமாக இருக்கும் அண்ணன் அக்கா தம்பி தங்கையர் கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதி என்றே பலரும் சொல்வார்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், நான்கு சாத்தியங்களில் ஒன்று கழிந்து மூன்று மிஞ்சுகின்றன. அந்த மூன்றில் இரண்டு கேரியர். எனவே வாய்ப்பு மூன்றில் இரண்டு. பெற்றோரின் உடன்பிறந்தவர்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். வெட்கத்தால் மறைத்து வைத்த அறிக்கை, அதே குடும்பத்தின் இன்னொரு கிளையில் ஒரு குழந்தையைப் பாதிக்கிறது.

சிகிச்சையும் இன்று உணவோடு நிற்கவில்லை. அரிவாள் செல் நோய்க்கும் கடுமையான பீட்டா தலசீமியாவுக்கும் கிறிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தும் முதல் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே அரிவாள் செல் நோய்க்கு அமெரிக்காவும் தந்தது. அதன் வழி வியப்பானது. பழுதான அந்த ஓர் எழுத்தை அது திருத்துவதே இல்லை. கருவில் இருக்கும்போது நாம் எல்லோரும் வேறொரு வகை ஹீமோகுளோபினைச் செய்கிறோம், பிறந்தபின் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதை நிறுத்திவைக்கிறது. ரத்தச் செல்களை உருவாக்கும், நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்தத் தடையைத் தளர்த்தி, கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை அகற்றிவிட்டுத் திரும்பச் செலுத்துகிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்க, சிவப்பணுக்கள் வளைவது நின்றுபோகிறது. பல மாதங்கள் பிடிக்கும், பெரும் செலவாகும், கருத்தரிக்கும் திறனையே அந்த மருந்து பறிக்கக் கூடும் என்பதால் முன்கூட்டியே கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்து வைக்கச் சொல்வார்கள். அப்படிச் சேமித்து வைத்தவற்றிலும் பழைய எழுத்து அப்படியேதான் இருக்கும், ஏனெனில் சிகிச்சை தொடுவது மஜ்ஜையை மட்டும். வலியிலிருந்து முழுமையாக மீண்டவரும் தம் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுவின் ஒரு பிரதியைத் தருவார். குழந்தைக்கு நோய் வருமா என்பதை அவருடைய துணைவரின் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.